இடுப்பில் கட்டிய நெல்

சியாங் காய்ஷெங் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரை முழுதாகக் குடித்ததை எங்கள் வேளாண் நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. பாதி குடிப்பான், எழுந்து போவான், அப்புறம் ஆறிப்போன மீதியைத் தேடிக்கொண்டு வருவான். மகள் பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரி வாசலுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்துகொண்டே இருந்தான். பிள்ளை பிறந்ததைச் சொல்ல அவனைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. "உங்கம்மா உன்னைப் பெத்தாங்களா, இல்ல ஓடும்போது கீழ போட்டுட்டாங்களா?" என்று மனைவி மெய்சி கேட்பாள். அவனுக்குச் சிரிக்க வரும், உட்கார வராது.

இப்படிப்பட்டவன் நெல்லோடு பிழைக்க வந்ததுதான் வேடிக்கை. நெல் யாருடைய அவசரத்துக்கும் வளர்வதில்லை.

எங்கள் ஹூனான் மலைப்பக்கத்து நெல் வாசனைக்குப் பேர்போனது. உலையில் ஏறினால் தெருவுக்கே பசிக்கும். ஆனால் அரிசி குட்டை, உருண்டை. டவுன் சந்தையில் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "கோழிக்குப் போடறதா?" என்று கேட்பார்கள். காய்ஷெங்கின் மாமனார் ஆயுசு முழுக்க விளைவித்தது அந்த நெல்லைத்தான். அந்தக் கேள்வியைக் கேட்டு வந்த நாட்களில் கிழவர் சாப்பிட உட்கார்ந்து மிளகாயை மட்டும் கடித்துக்கொண்டிருப்பார். மருமகனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த வாசனையை ஒரு நீள அரிசிக்குள் கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பினான்.

உள்ளூர் நெல்லைத் தாயாக வைத்து, தெற்கத்தி நீள நெல்லின் மகரந்தத்தை அதன் பூவில் உதறினான். பிறந்த பயிர் அத்தனையும் உருண்டையாகவே காய்த்தது. நிலையத்தில் கேலி கிளம்பியது. இயக்குநர் ஒயாங் அவனைக் கூப்பிட்டாள். கறாரான பெண்பிள்ளை, ஆனால் நியாயக்காரி.

"உமி எவ்வளவு நீளமோ அரிசியும் அவ்வளவுதான், காய்ஷெங். உமி வளரும்போது 'போதும், நில்லு'ன்னு சொல்ற மரபணு ஒண்ணு இருக்கு. நீள நெல்லுல அது கெட்டுப்போச்சு, அதான் நீளுது. உன் பயிருக்கு அப்பன்கிட்டேருந்து கெட்டதும், அம்மாகிட்டேருந்து நல்லதும் வந்திருக்கு. நிறுத்தறதுக்கு நல்லது ஒண்ணு போதும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா?"

"தெரியும் மேடம். பேரப்பிள்ளைங்கள்ல நாலுல ஒண்ணுக்கு ரெண்டும் கெட்டதா வரும். இன்னொரு போகம் மட்டும் கொடுங்க."

"ஹைனான்ல ஒரு துண்டு நிலம் தரேன். இந்தக் குளிர்காலம் மட்டும். நீள நெல்லு விதையோட நீ திரும்பலேன்னா, அடுத்த வருஷம் அந்த இடம் வேற ஆளுக்கு."

குளிர்காலம் வந்தால் எங்கள் ஆட்கள் பறவைகளோடு தெற்கே இறங்கிவிடுவார்கள். ஊரில் பனி கொட்டும்போது ஹைனான் தீவில் இன்னொரு போகம் எடுத்துவிடலாம். புத்தாண்டு விருந்தெல்லாம் வயல் கொட்டகையில்தான். காய்ஷெங்கின் துண்டுக்குக் காவலும் அவனுக்குச் சமையலும் ஃபூ யாலான் என்ற தீவுக்காரியின் பொறுப்பு. வாயில் எந்நேரமும் வெற்றிலைப் பாக்கு. வார்த்தை அதைவிடக் காரம்.

"சியாங்கண்ணே, வரப்பு தேயுது. நீங்க நடக்கற நடையைப் பார்த்து நெல்லு பயந்துபோய் உள்ளயே உட்கார்ந்துக்கப்போவுது."

உண்மையிலேயே நெல் அப்போது உள்ளேதான் இருந்தது. தோகைக்குள் கதிர் சூல்கொண்டு, தண்டு தடித்திருந்த சமயம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தானே தலை நீட்டும், உமியின் நீளம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஒரு தண்டின் தோகையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீறிப் பிரித்தான். உள்ளே உருண்டை. பக்கத்துத் தண்டைக் கீறினான். அதுவும் உருண்டை. அடுத்ததில் வெளிர்பச்சையாய், ஒல்லியாய், நீளமாய் உமிகள் அடுக்கியிருந்தன. அதோடு விட்டிருக்கலாம். ஒன்று நீளம் என்றால் இன்னும் எத்தனை என்ற அரிப்பு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டில் ஒரு தாய்த்தண்டுகூட அவன் நகத்துக்குத் தப்பவில்லை.

காலத்துக்கு முந்தி வெயிலும் காற்றும் பட்ட கதிர் என்ன ஆகும்? வெளுத்தது, காய்ந்தது, மணி பிடிக்காமல் வெள்ளைச் சாவியாக நின்றது. நீளம், உருண்டை எல்லாவற்றுக்கும் ஒரே கதிதான். காய்ஷெங்குக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். யாலான்கூடக் கேலியை நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒயாங் வந்து சேர்ந்தாள். வரப்பில் நின்று ஒரே பார்வை.

"குருத்துப்பூச்சி. எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடு. சுத்தியும் மத்த நிலையத்துக்காரங்க பயிரு. அவங்களுக்குப் பரவினா என் தலைதான் உருளும்."

அவனுக்கு ஒரு வழி திறந்தது. பூச்சி என்றால் பூச்சி. பயிர் போகும், மானம் மிஞ்சும். அவன் யாலானைப் பார்த்தான். அவள் பாக்கை மென்றுகொண்டு தென்னை மரத்தைப் பார்த்தாள்.

"பூச்சி இல்ல மேடம்," என்றான். "நான்தான்." கட்டைவிரலை நீட்டினான். நகக்கண்ணில் பச்சை இன்னும் போயிருக்கவில்லை.

ஒயாங் ஒரு தண்டை ஒடித்துப் பிளந்து பார்த்தாள். துளை இல்லை, புழு இல்லை, நகக்கீறல் மட்டும் இருந்தது. ஒடித்த தண்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"உனக்குள்ளயும் அந்த 'நில்லு' கெட்டுத்தான் போயிருக்கு, காய்ஷெங்."

யாலானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பிடுங்க வேணாம்," என்றாள் ஒயாங். "தூர்ல பின்னாடி வெடிச்ச சிம்பு, பக்கத் தண்டுங்க, இருக்கு. தாமதமா கதிர் தள்ளும். ஆனா நீ வரப்பைத் தாண்டி உள்ள கால் வைக்கக் கூடாது. வெச்சா, யாலான், எனக்கு ஒரு போன் போடு."

மற்றவர்கள் அறுத்துக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். காய்ஷெங் மட்டும் வரப்பில் கிடந்தான். கை சும்மா இருக்காது என்று தெரிந்து யாலான் ஒரு கூடை வேர்க்கடலையை எதிரே வைத்தாள்.

"உரிங்க. நெல்லை மட்டும் உரிக்காதீங்க."

உரித்தான். கூடை காலியானால் அவள் நிரப்பினாள். தொட்டுவிடும் தூரத்தில் சிம்புகள் தடித்தபோது கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த வேதனையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று பிற்பாடு எங்களிடம் சொன்னான். நாங்கள் சிரிக்கத்தான் செய்தோம்.

கதிர்கள் தாமாகவே வந்தன. நிறைய உருண்டை. நடுநடுவே, தலை குனிந்து, நீளமாகச் சில. வரப்பில் நின்றபடியே அவன் வெட்கப்படாமல் அழுதான். அவை முற்றி அறுத்ததும் போனில் சொன்னபோது ஒயாங், "இடம் உன்னோடதுதான். இங்க நாத்து விடற காலம் முடியப்போவுது, சீக்கிரம் வா," என்றாள். கொஞ்சம் யோசித்து, "இல்ல, மெதுவா வா," என்றாள்.

காலம் தப்பினால் எங்களவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் பரப்பி, வயிற்றோடு சேர்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். ஊர் போய்ச் சேருவதற்குள் உடம்புச் சூட்டில் முளை விட்டுவிடும். நாற்றங்காலில் நேரே தூவிவிடலாம். நீளக் கதிர்களின் விதையைக் காய்ஷெங்கும் அப்படித்தான் கட்டிக்கொண்டான். கப்பலேறி, ரயிலேறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். சீட்டாடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மறுநாள் அடிவயிற்றில் குறுகுறுவென்று ஏதோ உறுத்தியது. முளை. குனிந்தால் ஒடியும், திரும்பினால் ஒடியும். இறங்கும்வரை அவன் அசையவில்லை.

ரயிலடியில் நிறைமாதக்காரியைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவனைப் பார்த்து மெய்சி பதறிப்போனாள். வீட்டில் அவன் நாற்காலியில் மெல்ல இறங்கினான். தேநீர் கொடுத்தாள். முழுக் கோப்பையையும் குடித்தான். அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னாச்சு உனக்கு? காய்ச்சலா?"

"இடுப்புக் கட்டை நீயே அவிழ்த்துடு. என் கையை நான் நம்பமாட்டேன்."

மண்டியிட்டுச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். நீள நீளமான நெல். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளை முளை. ஒன்றுகூட ஒடிந்திருக்கவில்லை. உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த மாமனார் ஒரு நெல்லைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மெய்சி அந்தத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"உன் மக பொறந்த அன்னிக்கு ஒரு தடவை இப்படி உட்கார்ந்திருக்கலாம் நீ," என்றாள்.

காய்ஷெங் எழுந்து வெளியே போகவில்லை.