யார் வைத்த மருந்து

குரல் கம்மி, மாதக்கணக்கில் தேறாமல், பக்கத்தில் இருப்பவர்கள் மேலெல்லாம் சந்தேகம் வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் வந்தது.

ஆடியில் ஆமத்தூரிலிருந்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்து போவோம். நான் ஓர் அடி பாட, கூட்டம் திருப்பிப் பாடும். போன வருஷம் பாதி வழியில் தொண்டை கரகரத்தது. உச்சத்தில் பாட வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. மிச்சப் பாட்டைக் கொழுந்தன் மனைவி மாரீஸ்வரி பாடினாள். என்னைவிட நன்றாகவே பாடினாள். அது போதாதா எனக்கு?

அன்று வழியில் சுக்குக்காப்பி கொடுத்ததும் அவள்தான். குரல் திரும்பாத நாட்களில் அந்தக் காப்பி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இடுமருந்து (உணவில் கலந்து கொடுத்து ஆளைக் கெடுப்பதாக எங்கள் பக்கம் நம்பும் பொருள்) என்று முடிவு கட்டிவிட்டேன். யாருக்கும் சொல்லாமல் மருந்து எடுப்பவரிடம் போனேன். பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்.

"வேரு இன்னும் உள்ளதான் கெடக்கு. காலையில வெறும் வயித்துல நீங்களே விரல விட்டு எடுங்க" என்றார்.

விடாமல் எடுத்தேன். நான் வேலை பார்க்கும் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் அதுதான் என் முதல் வேலை. லேபிள் ஒட்டும் அறையில் குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக் கிசுகிசுவென்றே பேசினேன். நிலைமை இன்னும் மோசமானது. பாவி, எவ்வளவு ஆழமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

கடைசியில் என் கணவர் விருதுநகரில் ஒரு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, குரல்நாண்களைத் (தொண்டைக்குள் அதிர்ந்து சத்தம் உண்டாக்கும் இரு மடிப்புகள்) திரையில் காட்டினார். இரண்டிலும் எதிரெதிரே காய்ப்பு (உரசி உரசித் தடித்த இடம்). குரல்நாண்களின் பின்பக்கம் சிவந்து புண்ணாகிக் கிடந்தது.

"வாந்தி எதுவும் எடுக்கீகளா?" என்று கேட்டார். மருந்து எடுத்த கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

"வயித்துப் புளிப்புத்தண்ணி தெனமும் தொண்டைக்கு ஏறுனா எப்படிம்மா தேறும்? காய்ப்பு நீங்க கத்திப் பாடுனதுல வந்தது. யாரும் எதுவும் வைக்கல."

மாரீஸ்வரிக்கு ஊரெல்லாம் சொந்தம். இந்த டாக்டர் அவளுக்கு என்ன உறவோ என்று வெளியே வந்து கணவரிடம் கேட்டேவிட்டேன்.

"கேமராவும் அவ சொந்தக்காரனா?" என்றார்.

டாக்டரம்மா சொல்லி எனக்குக் குரல் பயிற்சி கொடுத்த பெண், தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று ஊதச் சொன்னாள். பிள்ளை விளையாட்டு என்று நினைத்தேன். காறக் கூடாதாம். கிசுகிசுப்பதும் குரல்நாணுக்குச் சிரமம்தானாம். பேசினால் சொந்தக் குரலில் மெல்லப் பேச வேண்டுமாம். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். வாந்தியையும் நிறுத்தினேன். நம்பி அல்ல. நிறுத்தினால் குரல் ஒரேயடியாகப் போகும், போய் டாக்டரம்மாவை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான். குரல் போகவில்லை. பேச்சு தெளிந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

இந்த ஆடியில் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மைக் வைத்து, தாழ்ந்த சுருதியில் பாடினேன். உயரப் போகும் அடிகளை மாரீஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

"அவசரப்படாம மூச்சு வாங்குங்கக்கா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள்.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"ஏங்க்கா அப்படிப் பாக்கீக?"

"ஒண்ணுமில்ல."

முன்பெல்லாம் வாயைத் திறந்தால் பாட்டு வரும். மூச்சு என்று ஒன்று இருந்ததே தெரியாது. இப்போது ஒவ்வோர் அடிக்கு முன்னும் வயிறு விரிந்து காற்று நிறையும்வரை நிற்கிறேன். மற்றவர்களுக்கு அது ஒரு நொடி. எனக்கு அது நீண்டுகொண்டே போகிறது. இந்த முறை குரல் வராது என்றே ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. அதுவரை பாட்டு அறுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவள் குரல். நான் அவளை நம்பித்தான் மூச்சு வாங்குகிறேன்.