தலைவியின் நீல ரிப்பன்

மலைத் தோட்டங்கள் சூழ்ந்த கலகெதரப் பக்கம் காய்ச்சல் பரவிய வருஷம், வேலை தேடி நடந்த நான் மாதா கோயில் கொட்டகையில் நோயாளியாகக் கிடந்தேன். நோயாளிகளைப் பார்த்தவர் மாதர் சபைத் தலைவியம்மா. குள்ள உருவம், அம்மைத் தழும்பு முகம், கழுத்தில் சபைத் தலைவிக்குரிய நீல ரிப்பன். மலவாளிகளை அவரே கழுவுவார், யாரையும் ஏவியதில்லை.

ஒரு காலையில், தோட்டத்தில் கக்கூஸ் கூட்டிய பெண் ஒருத்தி அங்கே இறந்தாள். சபைப் பெண்கள் தீட்டென்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தலைவியம்மா பிணத்தின் முகத்தைக் கழுவி, தாடையைக் கட்டத் துணி கேட்டார். யாரும் அசையவில்லை. தன் ரிப்பனைக் கழற்றிக் கட்டினார்.

“ஐயோ அக்கா, அது மாதாவோட ரிப்பன்! இவளுக்குப் போயா?” என்றாள் ஒருத்தி.

“மாதா கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். நீ கால்மாட்டுல பிடி புள்ள. பாரமில்ல, எலும்புதான் மிச்சம்.”

அவள் வரவில்லை. தலைவியம்மா தலைமாட்டைத் தூக்கியபடியே காத்திருந்தார். கடைசியில் காய்ச்சலோடு நான்தான் எழுந்துபோய்ப் பிடித்தேன்.

ஞாயிறு பூசையில் வேறொருத்தி புது ரிப்பனோடு முன்னால் நின்றாள். பூசை முடிந்ததும் பழைய தலைவி வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கொட்டகைக்கு வந்தார். வாளியை வைத்தவர், ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்கள் வருவார்கள் என்று அப்போதும் நம்பினாரோ என்னவோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.