பம்பு பிடித்து வைத்த பணம்

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் ஓப்பல் ஸ்டிடம் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். பிள்ளைகள் இல்லை. அதை அவளிடம் யாராவது கேட்டால், "முன்னூறு பேருக்கு தினமும் சோறு போடுறேன், இன்னும் எத்தனை வேணும்?" என்பாள். தட்டைக் கொண்டுவந்து தயங்கி நிற்கும் பிள்ளைக்கு, கேட்காமலே இன்னொரு துண்டு சோள ரொட்டி விழும்.

அவள் கணவன் எஸ்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். சுரங்கம் அவன் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த இலையுதிர் காலத்தில் மூச்சு மிகவும் மோசமாகி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஓப்பல் வேலையை விட்டால் அவனுடைய மருத்துவக் காப்பீடும் போய்விடும். அதனால் வாரம் முழுக்க அடுப்படி, ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிலடி என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

ஊரில் பெட்ரோல் போட ஒரே இடம் டெல்பர்ட் நேப்பியரின் கடை. உள்ளே போய், "நாலாம் பம்பு, இருபது" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். பம்பிலேயே கார்டைச் செருகுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். "மெஷினுக்கு நம்ம முகம் தெரியாது, டெல்பர்ட்டுக்குத் தெரியும்" என்பான் எஸ்டில்.

ஞாயிறு காலையில் மட்டும் கடைக்கதவு பூட்டியிருக்கும். சர்ச்சில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் டெல்பர்ட்தான். ஆராதனை முடிந்த பிறகுதான் வந்து திறப்பார். இது தெரிந்துதான் ஓப்பல் சனிக்கிழமையே பெட்ரோல் போட்டு வைப்பாள். அந்தச் சனிக்கிழமை எஸ்டில் போனில், "உன் கையால பீன்ஸ் சூப்பு குடிக்கணும்போல இருக்கு" என்றான். பீன்ஸை ஊறவைத்து, பன்றியெலும்பு போட்டு மெல்லிய தீயில் வேகவைத்ததில் மாலை போனது. பெட்ரோல் மறந்தது.

ஞாயிறு காலை பூட்டிய கதவைப் பார்த்தாள். சூப்புப் பாத்திரம் பக்கத்து இருக்கையில் துணி சுற்றிச் சூடாக இருந்தது. கார்டை எடுத்துப் பம்பில் செருகினாள். போட்டது பதினெட்டு டாலருக்கு. எவ்வளவு போடுவாள் என்று பம்புக்கு முன்கூட்டியே தெரியாதல்லவா? அதனால் அது நூற்றைம்பது டாலரை அவள் கணக்கில் பிடித்து வைத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ளவில்லை, பிடித்து மட்டும் வைத்தது. அப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது.

எஸ்டில் மூன்று கரண்டி குடித்தான்.

"உப்பு பத்தல. ஸ்கூல்லயும் இதைத்தான் ஊத்துறியா? பாவம் பசங்க."

"பசங்க வாயை மூடிக்கிட்டு சாப்பிடுதுங்க. உனக்குத்தான் வாய் நீளம்."

சாயங்காலம் நர்ஸ் சொன்னாள். "இப்போ நல்லாத்தான் இருக்கார். ஏதாவதுன்னா உடனே போன் பண்றோம்."

"எந்நேரம்னாலும் பண்ணுங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல வந்து நிப்பேன்."

"போ, போ," என்றான் எஸ்டில். "நாளைக்கு உன் முன்னூறு பிள்ளைங்க பட்டினி கிடக்கும்."

அவளுடைய போனுக்கு மாதாமாதம் கட்டணம் அந்தக் கார்டிலிருந்துதான் தானாகப் போகும். அந்த மாதம் அது அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கணக்கில் பணம் இருந்தது. ஆனால் பம்பு பிடித்து வைத்தது போக மிஞ்சியது போதவில்லை. வங்கி மறுத்தது. போன் செத்தது. திரையில் வெளிச்சம் மட்டும் வழக்கம்போல இருந்தது.

திங்கள் காலை அவள் சமையலறைக்குள் நுழைந்தபோது, கூட வேலை பார்க்கும் நோலா கேட்டாள். "என்ன, முகம் தெளிவா இருக்கு?"

"ராத்திரி பூரா போன் அடிக்கவே இல்ல, நோலா. தலைமாட்டுலதான் வெச்சிருந்தேன். நல்லா தூங்கியிருக்கான்."

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பள்ளி அலுவலகத்துப் பெண் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஓப்பல், ஆஸ்பத்திரியில இருந்து இங்க கூப்பிட்டாங்க. நேத்து பொழுது சாஞ்சதுல இருந்து உன் போனுக்கு அடிச்சிருக்காங்க. போகவே இல்லையாம்."

ஓப்பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எஸ்டில் விடியும்வரை நினைவோடு இருந்தானாம். "வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். "வந்துட்டே இருக்காங்க" என்று நர்ஸ் சொன்னாளாம். அந்த நர்ஸ் இதைச் சொல்லும்போது ஓப்பலின் முகத்தைப் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் மாநிலத் தலைநகர் பிராங்க்ஃபோர்ட்டில், சட்டமன்றக் குழு ஒன்றின் முன் ஒரு மசோதா வந்தது. கடைகள் கார்டில் இப்படிப் பணத்தைப் பிடித்து வைப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும், பெட்ரோல் போட்டு முடித்ததும் மிச்சத்தை விட்டுவிட வேண்டும் என்றது அது. போன் ஏன் செத்தது என்று வங்கிக் கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்த, ஏழைகளுக்கு வழக்காடும் வக்கீல் ஒருத்தி ஓப்பலைக் கூட்டிப்போனாள். பெட்ரோல் கடைக்காரர்கள் சங்கத்திலிருந்து வந்தவர், "பணத்தை நிறுத்தி வைக்கிறது பாங்க்" என்றார். வங்கிகளின் ஆள், "நிறுத்தச் சொல்லிக் கேக்கிறது கடை" என்றார். இருவரும் மரியாதையாகப் பேசினார்கள். ஓப்பல் எழுந்து நடந்ததைச் சொன்னாள். எங்கேயும் குரல் உடையவில்லை.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்மா. அந்தப் பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. புதன்கிழமை வந்துருச்சு. அவனை அடக்கம் பண்ணின அன்னிக்கு."

"முழுசா?"

"ஒரு சென்ட் குறையலைங்க."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். மசோதா ஓட்டெடுப்புக்கு வரவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை நேரத்தில் ஓப்பல் காரை எடுத்துக்கொண்டு போனபோது டெல்பர்ட்டின் கடை திறந்திருந்தது. சர்ச்சிலிருந்து பாட்டு கேட்டது. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் டெல்பர்ட் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்.

"பாட்டுக்குப் போகலையா, சகோதரரே?"

"கார்டுல பணத்தைப் பிடிச்சு வெப்போம்னு பம்புல சின்ன எழுத்துல ஒட்டியிருக்கு, சகோதரி. கம்பெனிக்காரன் ஒட்டினது. நானே இப்பத்தான் படிச்சேன்." அவர் கல்லாவைப் பார்த்தபடி சொன்னார். "இனிமே ஞாயித்துக்கிழமையும் கடை திறந்திருக்கும்."

ஓப்பல் கல்லாவுக்கு முன்னால் வந்தாள்.

"எனக்கு இப்போ ஞாயித்துக்கிழமை போறதுக்கு எங்கயும் இல்லையே, டெல்பர்ட்."

அவள் பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள்.

"நாலாம் பம்பு," என்றாள். "இருபது."