மாமா தாளம் போட்ட பெட்டி

தங்கவயலில் மாரிகுப்பம் வரைக்கும் ரயில் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், கூலிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்குதான். நான் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டு இறங்கும்போது கண்ணை மூடாமல் நிற்கப் பழகியிருந்தேன். கல்யாண வயசு. அந்த மே மாசத்தில் என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? நிஜமாகவே உட்கார்ந்திருந்தது.

கோடை வந்தால் ஊரில் எல்லோரும் சொந்த ஊருக்கு மூட்டை கட்டுவார்கள். எங்கள் பக்கம் எல்லாம் தலைகீழ். வட ஆற்காட்டு வெயிலில் வெந்துபோன சொந்தக்காரர்கள், மேட்டுச் சீமையில் காற்று வாங்கலாம் என்று ரயிலேறி எங்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த வீடு, இரண்டே அறை. பெரியம்மா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் வாலிபர் சங்கமும் அந்தச் சமயம் பார்த்துத்தான் கூடுகை வைக்கும். சாயங்காலம் சாயங்காலம் பாட்டு, வேதக் கேள்வி பதில், கடைசி நாள் தோப்பில் எல்லோருக்கும் சாப்பாடு. சபையார் முக்கால்வாசிப் பேர் நாலைந்து ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதனால் ஒரு வீட்டு விருந்தாளி எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு முறையில் விருந்தாளிதான்.

அந்த வருஷம் என் தாய்மாமன் வந்தார். கூடவே அவருடைய ஒரே மகள். எனக்கு முறைப்பெண். சின்ன வயசிலிருந்தே இவளுக்கு இவன் என்று பேச்சு. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு நான் ஷிப்டுக்குப் போனால், கீழே வேலை செய்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவு இருட்டிலும் தெரிந்ததாம்.

தடை மாமாதான். என் அப்பா சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவர். ஒரு தடவை திரி முந்திக்கொண்டு வெடித்ததில் வலது காது போய்விட்டது. அதிலிருந்து மாமாவுக்குத் தங்கவயல் என்றாலே ஆகாது.

"எந் தங்கச்சி புருசனுக்குக் காது போச்சு. எம் மருமவனுக்கு இன்னா போவும்னு யாருக்குத் தெரியும்? ஒரு வாரம் இருந்து பாக்கறேன். வெடி, கிடின்னு எதுனா எங்கண்ணுல பட்டுது, பொண்ணை இட்டுகினு அடுத்த ரயிலுக்குப் போயிடுவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்து இறங்குவது நல்ல கெட்டியான மரப்பெட்டிகளில். காலியானதும் அந்தப் பெட்டிகள் எப்படியோ வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிடும். உட்காரும் பலகை அதுதான், துணி வைப்பது அதில்தான், அரிசி கொட்டி வைப்பதும் அதில்தான். என் தங்கை குழந்தையாக இருந்தபோது தூங்கியது அதில். எங்கள் கோயிலில் ஜனங்கள் உட்காருவதும் அதன் மேல்தான். எங்களுக்கு அது பெட்டி, அவ்வளவே. ஆனால் ஒவ்வொன்றின் ஒரு பக்கத்திலும் கொட்டைக் கொட்டையாக இங்கிலீஷில் டைனமைட் என்று சூடு போட்டிருக்கும். மாமாவோ தோல் மண்டியில் எடை போடுகிறவர். மூட்டைகள் மேல் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவார்.

மாமா கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரத்தில் அம்மா உத்தரவு போட்டார். "எல்லாப் பொட்டியையும் எழுத்து செவுத்தைப் பாத்தா மாதிரி திருப்பி வை. உங்க நைனா வாயை நான் பாத்துக்கறேன்."

வீட்டை முடித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். வாலிபர் சங்கத்தில் விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெரிய விவாதமே நடந்தது. இது பொய்யில் சேருமா சேராதா? எங்கள் காரியதரிசி ரொம்ப பக்திமான். கண்ணை மூடி யோசித்து, "பெட்டியைத் திருப்பறது பொய் இல்ல. ஏன் திருப்பி வெச்சீங்கன்னு கேட்டா மட்டும் நெசம் சொல்லிடணும்" என்று தீர்ப்புச் சொன்னான். உடனே எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோயில் பெட்டிகளையெல்லாம் திருப்பினோம்.

அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். மாமா எங்கள் பலகையில் உட்கார்ந்து, "நல்ல கட்டையா கீதே, எங்க மாப்ள வாங்கனது?" என்று கேட்பார். அப்பாவுக்குப் பாதிதான் காதில் விழும், ஆனால் பதில் மட்டும் ஊருக்கே கேட்கும். "இதெல்லாம் டை..." என்று ஆரம்பிப்பார். அம்மா கையிலிருந்த பாத்திர மூடி கீழே விழும். அந்த வாரம் எங்கள் வீட்டில் விழுந்த மூடிகளுக்குக் கணக்கே இல்லை. ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் கீழே வெடி போடும்போது தரை லேசாக உதறும். "ரோட்டுல பாரவண்டி போவுதுண்ணா" என்பார் அம்மா. "இந்த ஊர்ல வண்டியெல்லாம் நேரம் தவறாம போவுது" என்று மாமா மெச்சிக்கொள்வார்.

இன்னொரு சங்கடம், வந்திருந்த பிள்ளைகள். பெட்டிகளை வரிசையாக இழுத்துப் போட்டு ரயில் விளையாடுவார்கள். எழுத்தெல்லாம் வெளியே தெரியும். ஷிப்டில் நின்றுகொண்டு அதையே நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு பெட்டியும் சுவரைப் பார்த்து ஒழுங்காக இருக்கும். அம்மா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவுக்குக் கீர்த்தனை என்றால் உயிர். அவர் ஊர்க் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பதே அவர்தான். பாட ஆரம்பித்தால் கை சும்மா இருக்காது, எது கிடைத்தாலும் அதில் தாளம் போடுவார். எங்கள் பெட்டியின் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மிருதங்கம் தோத்துது போ" என்று சொல்லிச் சொல்லித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்து சுவர்ப் பக்கம்தான் இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

கூடுகையின் கடைசி நாள் வந்தது. பாலகாட் சுரங்கத்துக்குப் போகிற வழியில் ஒரு புங்கந்தோப்பு, பக்கத்தில் சின்னக் குளம். சங்கத்தார் முந்தியே போய் அடுப்பு மூட்டிவிட்டார்கள். மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த மாம்பழங்களை அம்மா ஒரு பெட்டியில் அடுக்கி அனுப்பியிருந்தார். அந்தப் பெட்டியையே மரத்தடியில் போட்டு, எழுத்தைப் பின்பக்கம் வைத்து, மாமாவை மரியாதையாக உட்கார வைத்தோம். வந்திருந்த ஜனங்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். இரண்டு கையாலும் தொடைக்கு இரண்டு பக்கமும் பெட்டியில் தாளம். நல்ல குரல் அவருக்கு, அதை மறுக்க முடியாது. பாட்டு முடிந்தால் சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் கல்யாணப் பேச்சு எடுக்கலாம் என்று அம்மா கண்ணாலேயே எனக்குச் சொன்னார்.

அப்போதுதான் புதுப் பாதிரியார் வந்தார். சீமையிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத வெள்ளைக்காரர். புத்தகத்தில் தமிழ் படித்தவர். நாங்கள் அவரிடம் பெட்டி சமாசாரம் எதுவும் சொல்லவில்லை. அவர் வந்த ஒற்றையடிப் பாதை மாமாவின் முதுகுப் பக்கம். எழுத்து நேரே அவர் கண்ணில் பட்டது. அதன் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருக்கிறார். பாதிரியாரின் சிவந்த முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"சகோதரரே! எழுந்திரும்! உமக்குக் கீழே அழிவு இருக்கிறது!"

மாமா கண்ணைத் திறக்கவில்லை. பாட்டில் உருகி பாதிரியார் பிரசங்கம் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார். "ஆமென்!" என்று பலமாகச் சொல்லிவிட்டு இன்னும் வேகமாகத் தட்டினார்.

"தட்டாதேயும்! ஒரு நொடியில் நீர் மேலே போவீர்!"

"அல்லேலூயா!" என்றார் மாமா. கூட்டத்தில் சிலரும் சேர்ந்து சொன்னார்கள்.

பாதிரியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. தொப்பியை வீசிவிட்டு, "டைனமைட்! டைனமைட்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து மாமாவை இடுப்போடு கட்டிப் பிடித்தார். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். மாமாவின் தலைப்பாகை ஒரு பக்கம் போயிற்று. அந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வட ஆற்காட்டு ஜனம் மொத்தமும் எழுந்து ஓடியது. பெரியம்மா குளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார். சித்தப்பா ஒரு மரத்தில் பாதி ஏறியிருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஒருத்தர்கூட அசையவில்லை. காரியதரிசி அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. அதுதான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. புல்லில் கிடந்த மாமா ஓடுகிறவர்களைப் பார்த்தார், ஓடாதவர்களைப் பார்த்தார், எழுந்து போய் பெட்டியின் பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். அப்பா உதவி செய்கிற நினைப்பில், "காலிப் பொட்டி தான் மச்சான்! உங்க தங்கச்சி ஊட்டுல எல்லாமே இதான்! கோயில்லயும் இதான்!" என்று தோப்பே அதிரும்படி சொன்னார். இந்தத் தடவை விழுவதற்கு மூடி இல்லை.

மாமா தலைப்பாகையை எடுத்து உதறினார். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மா தள்ளிவிட்ட பிறகுதான் ஓடினேன். அம்மாவும் கூடவே ஓடி வந்தார். எங்களுக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் மாம்பழப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு காரியதரிசி. மாமா கொண்டுவந்ததை மாமாவிடமே சேர்த்துவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதாம்.

"அண்ணா, நில்லுங்கண்ணா, ஒரு வார்த்த கேளுங்க" என்று அம்மா அழுதார்.

மாமா நின்றார். "இன்னாத்த கேக்கறது? ஒரு வாரமா குடும்பமே சேந்து என்னை ஏமாத்திகீறீங்க. எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதை வெடிப்பொட்டி மேல குந்த வெச்சு சோறு போட்டீங்களே."

அப்போது அவள் பேசினாள். அந்த ஒரு வாரத்தில் நான் அவள் குரலைச் சரியாகக் கேட்டது அப்போதுதான்.

"எனக்குத் தெரியும்பா. வந்த அன்னிக்கே படிச்சிட்டேன்."

மிஷன் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாமாவுக்குப் படிக்கத் தெரியும் என்று இவ்வளவு ஏற்பாடு செய்த எங்களில் ஒருத்தருக்குக்கூட அவளுக்குத் தெரியுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அடுத்த ரயிலுக்கே போலாம்னு சொல்லுவீங்க." கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் பார்க்காமல், "பசங்க இழுத்துப் போட்டதையெல்லாம் தெனம் நாந்தான் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சேன்" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் நான் திருப்பி வைக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முகம் ஒரு மாதிரி தளர்ந்துவிட்டது. வெயில் வேறு. உட்கார இடம் தேடினார். காரியதரிசிக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் பெரியவர் உட்காரப் பார்க்கிறார் என்பது மட்டும் புரிந்தது. தலையிலிருந்த பெட்டியை அவர் பக்கத்தில் இறக்கி வைத்தான். எழுத்து இந்தத் தடவை எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா அதை ஒரு நிமிஷம் முறைத்தார். "மாப்ள, இது நெசமாலும் காலி தான?"

"இன்னா?" என்றார் அப்பா, கையைக் காதுக்கு வைத்து.

"காலி தானான்னு கேட்டேன்!"

"மருந்து இருந்தா அதை கம்பெனிக்காரன் நமக்குக் குந்தறதுக்குக் குடுப்பானா மச்சான்? உள்ள உங்க மாம்பழம்தான் கீது!"

மாமா உட்கார்ந்தார். முதலில் ஓரத்தில், அப்புறம் நன்றாக நகர்ந்து. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய வலது கை விரல்கள் மெதுவாக, அவருக்கே தெரியாதது போல, பெட்டியில் தட்ட ஆரம்பித்தன. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அறுப்புக்காலம் முடிந்ததும் எங்கள் கல்யாணம் நடந்தது. அந்தப் பாதிரியார்தான் நடத்தி வைத்தார். கோயிலில் பெட்டிகளை யாரும் திருப்பி வைக்கவில்லை. முன்வரிசைப் பெட்டி மேல் உட்கார்ந்து மாமாதான் பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது இரண்டு பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெட்டிகள் எழுத்து வெளியே தெரியத்தான் இருக்கின்றன, அவள்தான் அப்படி வைக்கிறாள். ஆனால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேஜ் கீழே இறங்கத் தொடங்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்த வாரம்தான்: என் பிழைப்பு எப்படிப்பட்டது என்பதை வந்த அன்றைக்கே படித்துத் தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த ஒருத்தி மேலே என் வீட்டில் இருக்கிறாள், அவளுக்காகவாவது நான் பத்திரமாக ஏறி வர வேண்டும்.