பெட்பேனும் உம்மாவும்

உயர்தரத்தில் நான் எடுத்தது தொழிற்கல்விப் பிரிவு. பாடம் நோயாளர் பராமரிப்பு. கெம்பஸ் போய்ப் படிக்கிற ஆசையும் விடாததால் உயிரியல் டியூசனுக்கும் போய்க்கொண்டிருந்தேன். தெருவுக்கு டியூசன் மட்டும்தான் தெரியும். மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று உம்மா சொல்லி வைத்திருந்தா. அதை மறுக்க எனக்கும் வெட்கம்.

பயிற்சிக்கு எங்களை ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் விட்டார்கள். எங்கள் தெருவில் யாரும் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், பெண்கள் ஓட்டோவில் நெருக்கிக்கொண்டு போய்ப் பார்த்து வருவார்கள். ஒரு பின்னேரம் ஒரு நோயாளியின் பெட்பேனை எடுத்துக்கொண்டு நிமிர்கிறேன், எதிரே உம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும்.

பர்தாவும் மாஸ்க்கும் போக என் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. மாமி உற்றுப் பார்த்தா.

"இந்தப் புள்ள உங்கட மகள் மாதிரியே இருக்கா."

உம்மா என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "எண்ட மகள் டியூசன்ல இருக்கா."

மாஸ்க்கைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. இரண்டு கையிலும் மூத்திரம் நிறைந்த பெட்பேன்.

"கொஞ்சம் விலகுங்க" என்றேன், யாரோ போல. உம்மா ஒதுங்கி வழிவிட்டா.

மஃரிப் தொழுகை முடிந்த நேரம் வீட்டுக்கு வந்தேன். மாமி எங்கள் வீட்டில்தான் இருந்தா. உம்மா தேத்தண்ணியை நீட்டினா. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டா:

"டியூசன்ல இண்டைக்கு என்ன மகள் படிப்பிச்சாங்க?"

"கிட்னி" என்றேன்.

"மாஷா அல்லாஹ்" என்றா மாமி.