நுரையாரின் மூக்கு

கோப்பைக்குள் மூக்கை விட்டுவிட்டால் நுரையார் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். வாசல் மணி அடிக்கலாம், தொலைபேசி கதறலாம், மனைவி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு மூன்றாவது முறை பெருமூச்சு விடலாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி என்றால் அந்த மூக்குக்கு வேலை நேரம். ஒரு நிமிடம் கழித்து மூக்கு வெளியே வரும். "பச்சை ஆப்பிள். பின்னாடியே வறுத்த ரொட்டி. ரொட்டி கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்பார். எதிரில் இருப்பவர் ரொட்டியைத் தேடிக் கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அன்பாகவே சொல்லிவிட்டு நுரையார் அடுத்த மடக்குக்குப் போவார்.

நுரையார் என்பது தெரு வைத்த பெயர். தொழில், டயர் கடை. கழற்றுவது, மாட்டுவது, ஒட்டுப் போடுவது, காற்றடிப்பது. என் வண்டி பதினைந்து வருடமாக அவரிடம்தான் போகிறது. அதில் முதல் ஐந்து வருடம் அவர் தேநீர் மட்டும் குடிக்கிற மனிதராக இருந்தார்.

கெடுத்தவன் அவர் மச்சினன். ஓட்டலில் சரக்கறை பார்ப்பவன். ஒரு மத்தியானம் நுரைக்கும் ஒயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்தான். "மச்சான், கார் டயர விட மூணு மடங்கு காத்து இதுக்குள்ள இருக்கு, தெரியுமா?"

நுரையாருக்கு அது குடிக்கிற விஷயமாகவே படவில்லை. தொழிலைச் சீண்டியதாகப் பட்டது. "முப்பது பவுண்டுக்கே நான் தள்ளி நின்னு அடிக்கிறேன். தொண்ணூறு பவுண்டக் கண்ணாடி தாங்குமா? எவனோ உனக்கு நல்லா ரீல் விட்டிருக்கான்."

சோதித்துப் பார்க்கத்தான் தக்கையைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார். அவிழ்ப்பதற்கு முன் நன்றாகக் குலுக்கியும் வைத்தார். தக்கை போய்க் குழல் விளக்கை உடைத்தது. பாதி ஒயின் அவர் தலையில் இறங்கியது. வாயைப் பிளந்து நின்றதால் ஒரு மடக்கு உள்ளேயும் போய்விட்டது. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே சொட்டச் சொட்ட நின்றவர், திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்த மச்சினனிடம் கேட்டது இதுதான்: "நாக்குல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா. இன்னொண்ணு இருக்கா?"

அப்புறம் அது வளர்ந்தது, பாகற்கொடி வேலியில் ஏறுவதைப் போல, யாரும் பார்க்காதபோது. முதல் வருடம் புத்தகம் வாங்கினார். யாராவது "ஷாம்பெயினா?" என்று கேட்டால், "அது ஒரு ஊரோட பேருங்க. எல்லா நுரையும் அந்த ஊர்லயே பொங்குறதில்ல" என்று திருத்தினார். இரண்டாம் வருடம் அகன்ற கோப்பைகளைத் துரத்திவிட்டு ஒடுங்கிய கோப்பைகளைக் குடியேற்றினார். மூன்றாம் வருடம் படுக்கையறை ஏசியைக் கழற்றிப் பாட்டில்கள் இருந்த சின்ன அறையில் மாட்டினார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீண் வார்த்தை பேசாதவர். அந்தப் பாட்டில்களின் அடியில் ஆழமாக ஒரு குழி இருக்கும். அதைக் காட்டி என்னிடம் சொன்னார்: "எனக்கும் இப்படி ஒரு குழி இருந்திருந்தா என்னையும் அந்த ரூம்லயே படுக்க வச்சிருப்பாரு."

நகரத்தில் ஒயின் ரசிகர் சங்கம் ஒன்று மாதாமாதம் கூடுகிறது. தலைவர் பல் டாக்டர். உறுப்பினர்களில் இரண்டு வக்கீல், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். நுரையார் முதல் தடவை போனபோது பல் டாக்டர் அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, "உங்க முதலாளி இன்னும் வரலையா?" என்று விசாரித்தார். அன்றைக்குப் பெயர் தெரியாதபடி துணி சுற்றி வைத்திருந்த மூன்று பாட்டில்களையும் முகர்ந்தே இன்னதென்று சொன்னவர் நுரையார் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். அதன்பிறகு கடையில் என் டயரைத் தட்டிப் பார்த்து, மணம் விரியாத ஒயினைச் சொல்வதுபோலவே, "இது இன்னும் முழுசாத் திறக்கலைங்க" என்று சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

போன வருடம் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து கடைக்கு வந்து ஒட்டுப்பசை டப்பாவைத் திறந்தார். வாசனை இல்லை. சரக்கு மட்டம் என்று கொண்டுவந்தவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். பெட்ரோலை முகர்ந்தார், அதுவும் பச்சைத்தண்ணீர். வீட்டுக்கு ஓடி ஒரு பாட்டிலைத் திறந்தார். நாக்கில் எறும்பு ஊர்ந்தது. ஆப்பிளும் இல்லை, ரொட்டியும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. குடித்ததையெல்லாம் எழுதிவைத்த ஒன்பது வருடத்துக் குறிப்பேடு கைவசம் இருந்தது. பாட்டில் சீட்டைப் பார்ப்பார், குறிப்பேட்டில் இருந்ததை ஒப்பிப்பார். நான்கு மாதம் இப்படியே ஓடியது. பல் டாக்டர் வீட்டுக் கூட்டத்தில் குறிப்பேட்டில் இல்லாத புதுப் பாட்டில் ஒன்று வந்தது. மற்றவர்கள் முதல் மடக்கில் முகத்தைச் சுளித்தார்கள். நுரையார் அதைக் கவனிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "மழை பெஞ்ச காடு. அதுக்குள்ள ஒரு பழைய நூலகம்" என்றார். சுளித்த முகங்கள் நேராகின. எல்லாரும் மறுபடி முகர்ந்தார்கள். "நூலகம் எனக்கும் கிடைக்குது" என்றார் நீதிபதி. பல் டாக்டர் சங்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மிச்சத்தை மரியாதையாக அவரிடமே கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் மச்சினன் வந்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சமையலறைத் தொட்டியில் துப்பினான். "நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம், மச்சான். கெட்டுப்போன தக்கை. உங்களுக்குத் தெரியலையா?"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னார்: "அவருக்குத் தெரியாதுடா. காய்ச்சல் விட்ட மறுநாள் பக்கத்துலயே பால் தீஞ்சு புகையுது, இவரு பேப்பர் படிச்சிட்டு இருக்காரு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"ஏன் கேக்கல?" என்றார் நுரையார்.

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

அடுத்த சங்கக் கூட்டத்தில் நுரையார் எழுந்து நின்று சொன்னார். "எனக்கு அஞ்சு மாசமா வாசனை தெரியாதுங்க. போன தடவை காடு, நூலகம்னு சொன்னதெல்லாம் வாய்க்கு வந்தது. அது கெட்டுப்போன பாட்டில். நான் விலகிக்கிறேன்."

நீதிபதி தொண்டையைச் செருமினார். "கெட்டுப்போன மாதிரி எனக்கும் முதல்ல தோணுச்சு. ஆனா நீங்க சொன்னப்புறம் நல்லாயிருச்சே."

விலகலை ஏற்றால் சங்கக் குறிப்பேட்டில் எழுதிய காட்டையும் நூலகத்தையும் அடிக்க வேண்டும், மையால் எழுதியாகிவிட்டது. ஆகவே சங்கம் அதை ஏற்கவில்லை. அவரைத் துணைத் தலைவராக உயர்த்தி வீட்டுக்குக் கடிதம் அனுப்பியது. நுரையார் அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் கொளுத்தியது. டீச்சர் ஒரு பாட்டிலைத் திறந்து மூன்று கோப்பைகளில் ஊற்றினார். முதல் மடக்கைக் குடித்துவிட்டு, "ரொட்டி இருக்கு, ஆப்பிள் கம்மி" என்றார். நுரையார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். அறை அமைதியானது. உட்கார்ந்து, நுரை இன்னும் பொரிந்துகொண்டிருந்த தன் கோப்பையை மெல்ல எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டார்.