மண்டிக்கு வராத முனி

அக்காவின் கணவரை முனி பிடித்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல் காய்கறி மண்டியில் எடை போடும் வேலை அவருக்கு. வெளியே அதிர்ந்து பேசாத மனிதர். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியை அடித்து நொறுக்கினால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? அம்மா நம்பினாள், நானும் நம்பினேன். முனியை ஓட்டிவிட்டு அக்காவைத் திரும்ப அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. வீங்கிய முகத்தோடு வடமதுரைக்கு எங்களிடம் ஓடி வந்திருந்த அக்கா, அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். அவளை யார் கேட்டார்கள்?

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கோடாங்கி, உடுக்கடித்துக் குறி சொல்பவர். அம்மாவும் அக்காவும் நானும் முன்னால் போய்விட்டோம். அப்பா மண்டிக்குப் போய் மருமகனை அழைத்து வந்தார். அக்கா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "இம்புட்டு நேரமாடி?" என்று எல்லோர் முன்னாலும் ஓங்கி அறைந்தார் அவர்.

"பாத்தீகளா, வந்துருச்சு!" என்றாள் அம்மா. கோடாங்கி உடுக்கையை எடுத்தார். மருமகனுக்குக் கண் செருகியது, உடம்பு ஆடியது. முனி கிடா கேட்பதாகக் கோடாங்கி சொன்னார்.

அப்பா எழுந்தார். "ஏஞ்சாமி, இந்த முனி காலையில எங்க போயிருந்துச்சு? மண்டியில மொதலாளி அழுகுன கத்திரிக்காய இவரு மூஞ்சியில எறிஞ்சு வஞ்சாரு. இவரு சிரிச்சுக்கிட்டே கைகட்டி நின்னாரு. அங்க வராத முனி எம்மகளக் கண்டா மட்டும் வருதாக்கும்?"

உடுக்கை நின்றது. செருகியிருந்த கண்கள் சட்டென்று நேராகி அப்பாவைப் பார்த்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செம்பைத் தூக்கி அக்கா கணவர் மேல் எறிந்திருப்பேன்.

பிறகு அவரைப் போன்ற ஆண்கள் பலரைப் பார்த்துவிட்டேன். குடி என்பார்கள், முன்கோபம் என்பார்கள். முதலாளியிடம் பட்ட அவமானம் நிஜம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை எங்கே இறக்கினால் கேட்க நாதியில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அன்று பஸ்ஸுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள்: "என்னைய அனுப்ப மாட்டீகளேப்பா?"

"மாட்டேன் தாயி."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "நாளைக்கு வந்து கூப்புட்டா என்ன சொல்றது?"

"மொதலாளியவும் கூட்டிக்கிட்டு வந்து குடித்தனம் பண்ணச் சொல்லு. அவரு இருந்தா முனி வராது."

அக்கா நடுரோட்டில் நின்று, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.